குழந்தையுடன் வரும் உரிமைகள்

வேலையை நாடி வெளிமாநிலம் செல்லும் ஒரு குடும்பம் எதை எடுத்துச் செல்கிறது? சில பாத்திரங்கள், மாற்றுத் துணிகள், முன்பே சென்றிருக்கும் உறவினர் ஒருவரின் முகவரி, பெரும்பாலும் இவ்வளவே. விட்டுச் செல்பவை இவற்றினும் மிகுதி. தெரிந்த மருத்துவமனை, அறிமுகமான பள்ளி ஆசிரியர், கேட்டால் பதில் சொல்லும் கிராம அதிகாரி, எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வழக்கை எடுத்துச் சொல்லும் மொழி ஆகிய யாவும் பின்தங்கிவிடுகின்றன. பெரியவர்கள் இந்த இழப்பை எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். குழந்தைகளால் அது இயலுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் டில்லியில் நான் குடியிருந்த பகுதியில் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார் ஒருவரின் குடும்பம் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கியிருந்தது. ஊரில் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த அவருடைய மகள், கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மணற்குவியலருகே நாள் முழுவதும் நின்றுகொண்டிருப்பாள். பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை என்று ஒரு நாள் அவரைக் கேட்டேன்.

“கேட்டுப் பார்த்தோம், ஐயா. டி.சி. இல்லையாம். சேர்க்கை முடிந்துவிட்டதாம். ஆதார் வேண்டுமாம். பெண்ணுக்கு இந்தியும் தெரியாதாம். இது நம்ம ஊரா என்ன, வற்புறுத்திக் கேட்பதற்கு?” என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அரசாங்க மொழிபெயர்ப்பாளனாகிய நான் சட்டங்களையும் விதிகளையும் அன்றாடம் தமிழில் பெயர்ப்பவன். அவருக்குச் சொல்லப்பட்ட நான்கு காரணங்களில் ஒன்றுகூடச் சட்டத்தின்முன் நில்லாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவர் அவரல்லவா? குழந்தைகளுக்கென நம் நாட்டில் இயற்றப்பட்டுள்ள முக்கியமான சட்டங்கள், குழந்தை பிறந்த ஊரோடு கட்டப்பட்டவை அல்ல. குழந்தை எங்கே இருக்கிறதோ அங்கே அவையும் இருக்கின்றன. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

முயற்சியும் கடமையும்

1950ஆம் ஆண்டு ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம், குழந்தைகளைப் பல இடங்களில் நினைவுகூர்ந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் தொழிற்சாலையிலோ, சுரங்கத்திலோ, அபாயகரமான வேறு வேலையிலோ அமர்த்தலாகாது என்று 24ஆம் ஷரத்து தடுத்தது. இது நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறத்தக்க அடிப்படை உரிமை. கல்வியோ வேறு அதிகாரத்தில் வைக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குள் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று 45ஆம் ஷரத்து கூறிற்று.

‘முயல வேண்டும்’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். ‘அளிக்க வேண்டும்’ என்பதற்கும் ‘அளிக்க முயல வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேற்றுமை மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு சொல். குழந்தைக்கோ அது வாழ்க்கை. முதலாவது கடமை, தவறினால் கேள்வி கேட்கலாம். இரண்டாவது நல்லெண்ணம், தவறினால் வருந்தத்தான் முடியும். 1960ஆம் ஆண்டு வந்து சென்றது. பள்ளிகள் பெருகின, ஆயினும் கோடிக்கணக்கான குழந்தைகள் வெளியிலேயே நின்றனர்.

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில், பதினான்கு வயது வரையிலான கல்வி அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இல் 86ஆவது திருத்தத்தின் மூலம் 21-ஏ என்னும் புதிய ஷரத்து சாசனத்தில் சேர்க்கப்பட்டது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ‘முயல’ என்ற சொல் அங்கே இல்லை. அந்த ஒரு சொல் நீங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இதை நிறைவேற்றும் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்தது.

பள்ளி வாயிலில்

கொத்தனாருக்குச் சொல்லப்பட்ட காரணங்களை இனி இச்சட்டத்தின் துணைகொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, டி.சி. என்று நாம் வழங்கும் மாற்றுச் சான்றிதழ். ஒரு பள்ளியிலிருந்து மற்றோர் அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமையைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அளிக்கிறது. மாநில எல்லையைத் தாண்டிச் சென்றாலும் இவ்வுரிமை நிலைத்திருக்கும். பழைய பள்ளியின் தலைமையாசிரியர் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வந்துசேரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது.

இரண்டாவது, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பது. கட்டட வேலை பள்ளி நாட்காட்டியைப் பார்த்துத் தொடங்குவதில்லை. இதை உணர்ந்தே, காலம் கடந்து வந்தாலும் குழந்தையைத் திருப்பி அனுப்பலாகாது என்று 15ஆம் பிரிவு கூறுகிறது.

மூன்றாவது, சான்று. வயதுக்குச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. ஆதார் அட்டை இல்லாமையும் ஒரு தடையாகாது. அது இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையும் தனக்குரிய பயனை இழக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது.

நான்காவது, மொழி. சேர்க்கைக்கு முன் குழந்தையைச் சோதித்துத் தெரிந்தெடுப்பதை 13ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், பின்னர் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. பள்ளிக்கே செல்லாதிருந்த குழந்தையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்குச் சமமாக வரும்பொருட்டுத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆம் பிரிவு.

இவற்றோடு, இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 9ஆம் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. நாம் வந்தேறிகளாயிற்றே என்று தயங்குவோருக்கு இதைவிட நேரான விடை வேறில்லை. மறுக்கப்பட்டால் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். அது மூன்று மாதங்களுக்குள் தீர்வு காண வேண்டும். 2007இல் அமைக்கப்பட்ட தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் மாநில ஆணையங்களும் இச்சட்டத்தின் நிறைவேற்றத்தைக் கண்காணிக்கின்றன.

நானும் கொத்தனாருமாக மறுபடி அந்தப் பள்ளிக்குச் சென்றோம். இம்முறை நாங்கள் கெஞ்சவில்லை. ஒரு பக்க விண்ணப்பத்தில் பிரிவு எண்களைக் குறிப்பிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் கேட்டோம். மறுவாரம் பெண் நான்காம் வகுப்பில் சேர்ந்தாள். ஆனால் அதற்குள் அவள் இழந்திருந்த இரண்டு மாதங்களை எந்த விண்ணப்பமும் மீட்டுத் தரவில்லை.

நகரத்துக்குள்ளேயே வீடு மாறுவோருக்கும் இந்தப் பிரிவுகள் தேவைப்படும். 2025 ஜூன் மாதத்தில், தலைமுறைகளாகத் தமிழர் குடியிருந்த டில்லி ஜங்புரா மதராசி முகாம் நீதிமன்ற ஆணைப்படி அகற்றப்பட்டபோது, மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றோருக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் இடம் ஒதுக்கப்பட்டது. படிப்பின் நடுவே வீடு மாறும் குழந்தைக்குப் பள்ளி மாற்றம் எளிதாக இருக்க வேண்டும் என்பதன் பொருள் அத்தகைய நாளில்தான் நமக்கு நன்கு விளங்குகிறது.

பள்ளிக்கு முன்னும், பசிக்கு முன்னும்

அந்தப் பெண் பள்ளிக்குச் செல்ல மற்றொரு தடை இருந்தது. தம்பியை யார் பார்த்துக்கொள்வது? பெற்றோர் இருவரும் சாரத்தின்மேல் நிற்கும்போது கைக்குழந்தை அக்காளின் பொறுப்பாகிறது. ஆகையால் சிறு குழந்தையின் நலனைக் காப்பது, பெரிய குழந்தையின் கல்வியைக் காப்பதுமாகும்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகளாக விரிந்திருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு உணவு பற்றியும் உடல்நலம் பற்றியும் அறிவுரை, மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு முன்பருவக் கல்வி ஆகிய ஆறு பணிகள் அங்கே நடைபெறுகின்றன. அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. கிராமங்களைப் போலவே நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்கும் இது பொருந்தும். மேலும், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் கட்டடத் தலங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் விதித்தது.

பள்ளியில் மதிய உணவு என்பது நம்மவருக்குப் புதிதன்று. 1956இல் முதலமைச்சர் காமராசர் விரிவாகத் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாகப் பெருக்கியதும் நாம் அறிந்தவை. மத்திய அரசு 1995 ஆகஸ்டு 15இல் இத்தகைய திட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தது. எனினும் பல மாநிலங்களில் சமைத்த உணவுக்குப் பதிலாகத் தானியமே வழங்கப்பட்டு வந்தது. சமைத்த உணவே தர வேண்டும் என்று 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே நிலைமை மாறிற்று. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கன்வாடி உணவையும், எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் வழங்கப்படும் மதிய உணவையும் சட்டப்படியான உரிமையாக்கியது. அச்சட்டத்தின் கீழ் வரும் குடும்ப அட்டைக்கு எந்த மாநிலத்திலும் தானியம் பெறும் ஏற்பாடும் 2022க்குள் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்துவிட்டது.

கையிலே வேலை, கணக்கிலே கடன்

குழந்தை உழைப்பைத் தடுக்கும் சட்டங்களின் வரலாறு நீண்டது. அதில் ஒரு முக்கியமான பக்கம் சிவகாசியில் எழுதப்பட்டது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவர் ஈடுபடுத்தப்பட்டது பற்றிய வழக்கில் 1996இல் தீர்ப்புக் கூறிய உச்ச நீதிமன்றம், அபாயகரமான வேலையில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் சில தொழில்களை மட்டுமே தடுத்திருந்தது. 2016இல் செய்யப்பட்ட திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்துவதைத் தடைசெய்தது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோரை அபாயத் தொழில்களினின்று விலக்கியது.

இத்தடைக்கு இரண்டு விலக்குகள் உள்ளன. ஒன்று, கட்டுப்பாடுகளுக்குட்பட்ட கலைத்துறைப் பணி. மற்றொன்று, பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவுவது. தாராவியில் விடியற்காலையில் இட்லி அவிக்கும் வீடுகள் பல உண்டு. மாலையில் பிள்ளை கடைக்கணக்கு எழுத உதவினால் குற்றமில்லை. ஆனால் இட்லி விற்பதற்காகப் பள்ளியை விட்டால், அது ‘வீட்டுக்கு உதவி’ என்ற பெயரில் நிகழும் இழப்பே ஆகும்.

இதனினும் கொடிய வழக்கம் ஒன்றுண்டு. மதுரை, தேனி மாவட்டங்களின் சிற்றூர்களில் பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து, சிறுவர்களை வடமாநிலங்களிலுள்ள முறுக்குப் பட்டறைகளுக்கு அழைத்துச் செல்லும் தரகர்களைப் பற்றிப் பலமுறை செய்திகள் வெளிவந்துள்ளன. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் விடியலிலிருந்து இரவு வரை நிற்கும் அச்சிறுவனிடம், வாங்கிய பணம் தீரும்வரை போக முடியாது என்று சொல்லப்படுகிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. அதை வசூலிக்க முயல்வதே குற்றம். ஆனால் தமிழன்றி வேறு மொழி அறியாத அச்சிறுவன் யாரிடம் சொல்வான்? அதே தெருவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தாரிடந்தான் சொல்லக்கூடும். ஆகவே அவனுடைய விடுதலை பலசமயம் சட்டத்தைவிட நம் காதுகளையே நம்பியிருக்கிறது.

தனித்து நிற்கும் குழந்தை

காப்பாரற்ற குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் செய்வதில் சென்னை மாகாணம் மற்ற மாகாணங்களுக்கு முன்னோடியாக இருந்தது; சென்னைச் சிறார் சட்டம் 1920இலேயே வந்தது. இன்று நாடெங்கும் நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். இதன்படி மாவட்டந்தோறும் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட குழந்தை நலக் குழு உண்டு. ஆதரவின்றிக் காணப்படும் பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அக்குழுவின்முன் சேர்ப்பிக்க வேண்டும். குழந்தை வேறு மாநிலத்தைச் சேர்ந்ததாயின், விசாரித்து அதன் சொந்த இடத்துக்கு அனுப்பிவைக்கும் அதிகாரமும் குழுவுக்கு உண்டு.

ரயில் நிலையத்திலோ சந்தையிலோ தமிழ் பேசும் குழந்தை ஒன்று தனித்து அழுவதைக் கண்டால், இரக்கத்தினால் வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம்மவர் இயல்பு. நல்ல எண்ணமாயினும் அது முறையன்று. 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். 1996இல் மும்பையில் தொடங்கிய இக்குழந்தை உதவிச் சேவை இன்று இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது. உதவி வரும்வரை குழந்தையுடன் நின்று அதனுடன் தமிழில் பேசிக்கொண்டிருங்கள். அந்நேரத்தில் அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

பாலியல் கொடுமையினின்று குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில், பலரும் அறியாத ஒரு விதி இருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்கையில் காவல்துறை அதிகாரியோ நீதிபதியோ தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறலாம் என்பதே அது. ‘பெறலாம்’ என்றிருக்கிறதே அன்றிப் ‘பெற வேண்டும்’ என்றில்லை. ஆகையால் பெற்றோர்தாம் அதைக் கேட்க வேண்டும். மிகுந்த துன்பத்திலிருக்கும் குழந்தை, தனக்குப் பாதி தெரிந்த மொழியில் சொல்லும் சொற்கள் அதன் துன்பத்தின் பாதியையும் சொல்லா.

இன்னும் முயற்சியாகவே இருப்பது

தாய்மொழியில் கற்கும் உரிமை எந்த நிலையில் இருக்கிறது என்று வெளிமாநிலத் தமிழர் கேட்பது இயல்பு. 1956இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது 350-ஏ என்னும் ஷரத்து சாசனத்தில் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்று அது கூறுகிறது. கல்வி உரிமைச் சட்டமும், பயிற்றுமொழி இயன்ற அளவு தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. ‘முயல வேண்டும்’, ‘இயன்ற அளவு’ என்னும் பழைய சொற்கள் இங்கே இன்னும் நீங்கவில்லை.

எனினும் வழி இல்லாமற் போகவில்லை. ஒரு பள்ளியில் அம்மொழி பேசும் 40 மாணவரோ, ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருந்தால் ஆசிரியர் நியமிக்க வேண்டும் என்பது 1949இல் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாட்டில் ஏற்கப்பட்ட அளவுகோல். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வருகிறது. டில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் தமிழைக் கற்பிக்கின்றன. இவையெல்லாம் தனி மனிதர் கேட்டுப் பெற்றவை அல்ல. கூடி நின்றவர்கள் பெற்றவை. பத்துக் குடும்பங்கள் ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிட்டால் ‘முயற்சி’ என்ற சொல்லுக்கும் சற்று வலிமை பிறக்கும்.

ஆறு வயதுக்குட்பட்டோரின் கல்வியும் இவ்வாறே முயற்சியளவில் நிற்கிறது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 45ஆம் ஷரத்தை அவர்களுக்கென மாற்றியமைத்தபோதும் அச்சொல்லை நீக்கவில்லை. பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கும் கல்வி உரிமைச் சட்டம் நீளவில்லை. அரசாங்கம் செய்ய வேண்டியது இன்னும் உண்டு.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அதே திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயதுள்ள குழந்தைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் கடமை என்றும் சாசனத்தில் எழுதிற்று. ஊரை விட்டுப் புறப்படுமுன் பள்ளியில் மாற்றுச் சான்றிதழையும், சுகாதார நிலையத்தில் தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பெறுங்கள். கிடைக்காவிடினும் தயங்காமல் அருகிலுள்ள பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் செல்லுங்கள். வாய்மொழியாக மறுத்தால் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, அதன் பிரதியில் கையொப்பம் பெறுங்கள்.

கொத்தனார் கேட்ட கேள்விக்கு அன்று நான் தந்த விடை மிகச் சுருக்கமானது. “பெண்ணைப் பொறுத்தமட்டில் இதுவும் நம்ம ஊர்தான்” என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மகள் பள்ளிச் சீருடையில் கொட்டகையிலிருந்து வெளியே வந்த காலையில்தான் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. இதைப் படிக்கும் அன்பர்கள், படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கு ஒரு முறை வாசித்துக் காட்டினால், இன்னொரு குழந்தையின் இரண்டு மாதங்கள் வீணாகாமற் போகக்கூடும்.